‘ஃபைபர்’ என்று தட்டிக் காட்டுகிறார்களே, அது எந்த ஃபைபர்?

நம் ஊரில் ‘ஃபைபர்’ என்ற சொல்லுக்கு எல்லையே கிடையாது. ஸ்கூட்டரின் முன்பக்கத்தை விரலால் தட்டி, “இது ஃபைபர் பாடி, தகரம் இல்ல” என்பார்கள். குளியலறைக் கதவு ஃபைபர், கல்யாண மண்டப நாற்காலி ஃபைபர். உண்மையில் ஸ்கூட்டரில் இருப்பது பெரும்பாலும் ஏபிஎஸ் போன்ற பிளாஸ்டிக். கதவு பெரும்பாலும் பிவிசி, நாற்காலி பாலிப்ரொப்பிலீன். இழை என்று சொல்லும்படி இவற்றில் எதுவும் இல்லை. இந்தச் சொல்லைச் சரியாகப் புழங்குகிறவர்கள் நம் கடற்கரை மீனவர்கள்தான். அவர்களுடைய ‘ஃபைபர் போட்’ நிஜமாகவே கண்ணாடி இழையால் ஆனது.

காரை மாற்றியமைக்கும் ஆசை வந்தவர்களிடம் இந்தக் குழப்பம் இன்னும் முற்றிவிடுகிறது. “கார்பன் போட்டா இரும்பை விட ஸ்ட்ராங், வெயிட்டும் போயிடும். ஃபைபர் கிளாஸ் சீப்பு, உடைஞ்சிடும்.” பத்துப் பேரிடம் கேட்டால் எட்டுப் பேர் இதைத்தான் சொல்வார்கள். இதில் பாதி தவறு, மீதிப் பாதி அரைகுறை.

என் நண்பர் ஒருவரும் இதை நம்பித்தான் தன் பழைய ஹேட்ச்பேக்குக்கு ‘கார்பன் பானெட்’ வாங்கினார். கழற்றிய இரும்பு பானெட்டையும் புதிதாக வந்ததையும் பழைய இரும்புக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தோம். ஒரு கிலோ வித்தியாசம்கூட இல்லை. தராசில் கோளாறு என்று அவர் அடம்பிடித்தார். கோளாறு தராசில் இல்லை. எங்கே என்பது தெரிய, கொஞ்சம் அடிப்படையிலிருந்து வர வேண்டும்.

மண் சுவரும் வைக்கோலும்

அந்தக் காலத்து மண் சுவருக்கு வெறும் மண்ணைக் குழைத்து வைக்க மாட்டார்கள். காய்ந்ததும் பாளம் பாளமாக வெடித்துவிடும். வைக்கோலைப் போட்டு மிதித்துக் குழைப்பார்கள். இழுவிசையை வைக்கோல் தாங்கும். வைக்கோலை அதனதன் இடத்தில் பிடித்து வைத்து, சுவருக்கு உருவம் கொடுப்பது மண். இப்படி இழையும் அதைப் பிடித்து வைக்கும் பசையும் சேர்ந்து ஒரே பொருளாக நடந்துகொண்டால், அது கூட்டுப்பொருள்.

கார் பாகத்திலும் இதே ஏற்பாடுதான். வைக்கோலின் இடத்தில் கண்ணாடி இழையோ கார்பன் இழையோ இருக்கும். மண்ணின் இடத்தில் ரெசின் இருக்கும். தேன் போல ஊற்றி, வேதிவினையால் கல்லாக இறுகும் பிளாஸ்டிக் திரவம்தான் ரெசின். மலிவு வகை பாலியெஸ்டர், விலை கூடியது எப்பாக்ஸி.

ஆக ‘கார்பன் பானெட்’ என்பது முழுக்கக் கார்பன் அல்ல. கையால் பூசிச் செய்ததில் பாதி ரெசின்தான் இருக்கும். கண்ணாடி இழை மேட் (நறுக்கிய நூல்களை ஒட்டிய பாய்) வைத்துச் செய்த பாகத்தில் எடையில் மூன்றில் இரண்டு பங்குகூட ரெசினாக இருக்கலாம். இதை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

பஞ்சுமிட்டாயும் கரிமூட்டமும்

இழைகள் பிறக்கும் விதம் வேறு வேறு. கண்ணாடியை 1,000 டிகிரிக்கு வெகு மேலே சூடாக்கி உருக்கி, நுண்ணிய துளைகள் வழியே வேகமாக இழுத்தால் முடியை விட மெல்லிய நூலாகிறது. சர்க்கரைப் பாகு பஞ்சுமிட்டாய் ஆகிற கதைதான்.

ஜன்னல் கண்ணாடி ஒரு கல்லுக்குத் தாங்காது. அதே கண்ணாடி நூலானதும் எப்படி வலுவாகிறது? 1920-இல் இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் ஏ.ஏ. கிரிஃபித் என்ற பொறியாளர் இதற்கு விடை கண்டார். கண்ணாடி உடைவதற்குக் காரணம் அதன் மேற்பரப்பில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள். நூல் மெலிய மெலிய, பெரிய கீறலுக்கு அங்கே இடமே இல்லாமல் போகிறது. அதே ஃபார்ன்பரோ விமான ஆய்வுக்கூடத்தில்தான் 1960-களில் வலுவான கார்பன் இழை செய்யும் முறை ஒன்றும் உருவானது என்பது ஒரு சுவையான பொருத்தம்.

கார்பன் இழைக்கு மூலப்பொருள், ஸ்வெட்டர் பின்னும் அக்ரிலிக் நூலுக்கு நெருங்கிய உறவான ஒரு செயற்கை நூல். ராமநாதபுரம் பக்கம் சீமைக்கருவேல விறகை அடுக்கி, மண் பூசி மூட்டம் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். காற்றுப் படாமல் வெந்தால் விறகு சாம்பலாகாது, கரியாகும். இந்த நூலையும் முதலில் இருநூறு, முந்நூறு டிகிரியில் பக்குவப்படுத்தி, பிறகு காற்றில்லாத உலையில் 1,000 டிகிரிக்கு மேல் சுடுகிறார்கள். மற்றதெல்லாம் வெளியேறி, கார்பன் அணுக்கள் நூலின் போக்கிலேயே வரிசை கட்டி நிற்கின்றன. அந்த மூல நூலுக்கும் இந்த உலைக்கும் நேரத்துக்கும்தான் விலை. கார்பன் துணி ஒரு கிலோ, சாதாரண கண்ணாடி மேட் ஒரு கிலோவைப் போலப் பத்து மடங்குக்கும் மேல்.

இதுவரை சொன்னது: இரண்டுமே ரெசினுக்குள் பதித்த இழை. ஒன்று கண்ணாடி நூல், மற்றது கரியாக்கிய நூல். உருவம் தருவது ரெசின், பாரம் சுமப்பது இழை.

அப்பளமும் நைலான் கயிறும்

எல்லாக் குழப்பமும் பிறக்கும் இடம் இதுதான். ‘ஸ்ட்ராங்’ என்ற ஒரே சொல்லால் மூன்று வேறு குணங்களைச் சொல்லிவிடுகிறோம்.

பொரித்த அப்பளத்தை ஓரத்தில் பிடித்துத் தூக்குங்கள். தொங்காமல் விறைப்பாக நிற்கும். ஆனால் விரலால் அழுத்தினால் நொறுங்கும். நைலான் கயிறு இதற்கு நேர்மாறு. கிணற்றிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் இழுக்கும், ஆனால் நிமிர்ந்து நிற்கச் சொன்னால் துவண்டு விழும். அப்பளத்துக்கு விறைப்பு உண்டு, வலிமை இல்லை. கயிற்றுக்கு வலிமை உண்டு, விறைப்பு இல்லை.

உடைவதற்கு முன் எவ்வளவு பாரம் தாங்கும் என்பது வலிமை. பாரம் வைக்கும்போது எவ்வளவு குறைவாக வளைகிறது என்பது விறைப்பு. அடி விழும்போது அதை உள்வாங்கிக்கொண்டு முறியாமல் இருப்பது அடிதாங்கும் தன்மை. இது மூன்றாவது குணம், பிறகு வருகிறேன்.

இப்போது பலரும் எதிர்பார்க்காத செய்தி. ஒரே தடிமன் உள்ள புதிய கண்ணாடி இழையையும் சாதாரண வகைக் கார்பன் இழையையும் இழுத்து அறுக்க ஏறக்குறைய ஒரே விசைதான் தேவை. வலிமையில் கண்ணாடி ஒன்றும் சளைத்ததல்ல. வித்தியாசம் விறைப்பில் இருக்கிறது. கார்பன் இழை சுமார் மூன்று மடங்கு விறைப்பானது. எடையும் குறைவு: ஒரு கன சென்டிமீட்டர் கண்ணாடி இழை 2.5 கிராமுக்கு மேல், கார்பன் இழை சுமார் 1.8 கிராம்.

கார்பனின் பெருமை ‘உடையாது’ என்பதில் இல்லை. ‘இவ்வளவு குறைந்த எடையில் இவ்வளவு விறைப்பு’ என்பதுதான் அதன் பெருமை. விறைப்பு தேவைப்படாத இடத்தில் அதற்குக் கொடுக்கும் காசு அழகுக்குப் போகிறது. அழகுக்குக் காசு கொடுப்பதில் தவறில்லை, தெரிந்து கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

வேட்டியை மூலைவாட்டில் இழுத்தால்

வேட்டியைப் பாவு நூலின் போக்கில் இழுத்துப் பாருங்கள், அசையாது. ஊடை நூலின் போக்கிலும் அப்படியே. மூலைவாட்டில் இழுத்தால் சட்டென்று நீண்டு கொடுக்கும். இழை தன் நீளவாக்கில் மட்டுமே வேலை செய்யும். குறுக்கே வரும் விசைக்கு மிஞ்சுவது ரெசினின் பலம்தான். மூங்கில் நீளவாக்கில் சுலபமாகப் பிளப்பதும் இதனால்தான்.

கார்பன் துணியில் பாதி இழை ஒரு திசைக்கும் மறுபாதி இன்னொரு திசைக்கும் போய்விடுகிறது. கனஅளவில் பாதி ரெசின் வேறு. ஆகவே இழையாக இரும்பை விடச் சற்றே கூடுதல் விறைப்புள்ள கார்பன், துணியாகிப் பூசிக் காய்ந்து தகடானதும் இரும்பின் விறைப்பில் கால்வாசிக்கு வந்துவிடுகிறது. ஒரே தடிமனில் வைத்தால் இரும்புத் தகடுதான் குறைவாக வளையும். “கார்பன் இரும்பை விட ஸ்ட்ராங்” என்பவர்கள் இந்த இடத்தைத் தாண்டி ஓடிவிடுகிறார்கள்.

சாய்கோடுகளாகத் தெரியும் அந்தப் பிரபலமான கார்பன் கோலம் ஒரு நெசவு வகை, பெயர் ட்வில். உங்கள் ஜீன்ஸ் துணியை உற்றுப் பாருங்கள், அதே நெசவு. அந்தக் கோலத்துக்கும் பலத்துக்கும் பெரிய தொடர்பில்லை. வளைவுகளில் சுருக்கமில்லாமல் படியும் என்பதால் ட்வில்லை விரும்புகிறார்கள். ஃபைபர் கிளாஸ் பட்டறையில் அதிகம் புழங்கும் மேட் நெசவே இல்லை. துண்டு துண்டாக நறுக்கிய நூல்களைக் கண்டபடி தூவி ஒட்டிய பாய் அது. எல்லாத் திசையிலும் கொஞ்சம் கொஞ்சம் பலம், எந்தத் திசையிலும் அதிகமில்லை.

ஒரு பானெட்டுக்குக் கணக்கு

பள்ளி ஸ்கேலைப் படுக்க வைத்து வளைத்தால் வளையும், செங்குத்தாகத் திருப்பி வளைத்தால் வளையாது. வளையும் திசையில் தடிமன் இரட்டித்தால் விறைப்பு எட்டு மடங்காகும் என்பது விதி. விறைப்புக் குறைந்த பொருளைக்கூடக் கொஞ்சம் தடிமனாக வைத்து ஈடுகட்டலாம் என்பது இதன் பொருள்.

காரின் மேல்தகடு சுமார் 0.7 மி.மீ. இரும்பு என்று வையுங்கள். சதுர மீட்டருக்கு ஐந்தரை கிலோ. இதே அளவு வளையாமல் நிற்க மேட் வைத்த ஃபைபர் கிளாஸ் இரண்டு மி.மீ.க்குச் சற்று மேல் வேண்டும். எடை மூன்று கிலோ சொச்சம். கார்பன் துணி என்றால் ஒரு மி.மீ. சொச்சம் போதும். எடை ஒன்றே முக்கால் கிலோவுக்கும் குறைவு. எல்லாம் தோராயக் கணக்குதான், ஆனால் போக்கு புரியும்.

கவனியுங்கள். இரும்பிலிருந்து ஃபைபர் கிளாஸுக்கு மாறும்போதே இரண்டரை கிலோ அளவுக்குக் குறைந்துவிட்டது. அங்கிருந்து கார்பனுக்குப் போனால் மேலும் ஒன்றரை கிலோ. இந்த ஒன்றரைக்குத்தான் பல மடங்கு விலை. பந்தயக் காருக்கு அது தங்கம். அலுவலகம் போகும் காருக்கு, டிக்கியில் கிடக்கும் தண்ணீர் பாட்டில்களை எடுத்து வைத்தாலே தீர்ந்தது.

இன்னொன்றையும் கவனியுங்கள். மேட்டை “எதுக்கும் இருக்கட்டும்” என்று நாலு மி.மீ.க்குப் பூசிவிட்டால் சதுர மீட்டருக்கு ஆறு கிலோவை நெருங்கிவிடும். இரும்பை விட அதிகம்! பட்டறைகளில் நடப்பது பெரும்பாலும் இதுதான்.

சுருக்கமாக: ஒரே விறைப்புக்கு ஒப்பிட்டால் இரும்பு கனம், ஃபைபர் கிளாஸ் நடுத்தரம், கார்பன் லேசு. ஆனால் எத்தனை மி.மீ. பூசினார்கள் என்பது எல்லாவற்றையும் தலைகீழாக்கிவிடும்.

பிறகு ஏன் கார்களில் இழை வந்தது?

உருவத்துக்காக. இரும்புத் தகட்டை அழுத்தி வார்க்கும் அச்சுகளுக்கு ஆகும் செலவு ஏராளமாகக் கார் விற்றால்தான் கட்டும். இழைக்கு ஒரு மோல்டு போதும், அதைச் சின்னப் பட்டறையிலேயே செய்யலாம். 1953-இல் அமெரிக்காவில் ஷெவர்லே கார்வெட் கண்ணாடி இழை உடலோடு வந்தபோது அந்த வருடம் செய்தது 300 கார்கள்தான். பெங்களூரிலிருந்து 1980-களில் வந்த சிபானி டால்ஃபினும், 90-களின் கடைசியில் வந்த சான் ஸ்டார்மும் ஃபைபர் கிளாஸ் உடல் கொண்டவை. குறைந்த எண்ணிக்கையில் கார் செய்கிறவர்களுக்கு அதுதான் வழி. உங்கள் ஒரே ஒரு காருக்கு மட்டும் ஒரு ஸ்பாய்லர் செய்து தர முடிவதும் இதே காரணத்தால்.

கார்பன் வந்தது வேறு தேவைக்கு. 1981-இல் ஜான் பர்னார்ட் வடிவமைத்த மெக்லாரன் எம்பி4/1, கார்பன் இழைக் கூட்டைக் கொண்டு வந்த முதல் ஃபார்முலா ஒன் கார். அவர் தேடியது விறைப்பை. கார் முறுக்காமல் இருந்தால்தான் சக்கரங்கள் சொன்ன பேச்சைக் கேட்கும். அதே வருடம் இத்தாலியின் மோன்சா பந்தயத்தில் ஜான் வாட்சன் ஓட்டிய அந்தக் கார் மோதி இரண்டாகப் பிய்ந்தது. அவர் இறங்கி நடந்து போனார். கார்பன் கண்ணாடி போலச் சிதறிவிடும் என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள் அதற்குப் பிறகு கொஞ்சம் அடங்கினார்கள்.

பட்டறையில் நடப்பது

சாதாரணப் பட்டறை முறை இப்படி: மோல்டுக்குள் வேக்ஸ் தேய்ப்பார்கள், வெளிமுகமாக வரப்போகும் ஜெல் கோட்டைப் பூசுவார்கள், மேட்டை வைத்து ரெசினை ஊற்றி ரோலரால் காற்றுக் குமிழ்களை விரட்டுவார்கள். நன்றாகச் செய்தால் நல்ல பொருளே கிடைக்கும். கை கொஞ்சம் தாராளமானால் ரெசின் கூடிவிடும். ரெசின் கூடினால் எடை கூடும், பலம் கூடாது. சாம்பாரில் தண்ணீர் விட்ட கதை.

அடுத்த படி, ஈரத் துணியின் மேல் பிளாஸ்டிக் பையை மூடி உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சுவது. வெளிக்காற்று ஒரு சதுர மீட்டருக்குப் பத்து டன் கனத்தில் அழுத்தும். மிகையான ரெசின் பிதுங்கி வெளியேறும். உச்சப் படி, தொழிற்சாலையிலேயே அளந்து ரெசின் ஏற்றிய துணியை ஆட்டோகிளேவ் என்ற ராட்சதக் குக்கருக்குள் வேக வைப்பது. வீட்டுக் குக்கருக்குள் இருப்பதைப் போலச் சில மடங்கு அழுத்தம், 120 டிகிரி முதல் 180 டிகிரி வரை சூடு. விமானத்திலும் பந்தயக் காரிலும் இருக்கும் கார்பன் இது. மூன்று முறையில் வந்ததற்கும் கடையில் ஒரே பெயர்தான்!

என் அபிப்பிராயம்: உறிஞ்சும் பம்ப் வைத்து நல்ல நெய்த கண்ணாடித் துணியில் கவனமாகச் செய்த பாகம், அவசரமாகக் கையால் பூசிய கார்பனை விட மேல். பொருளை விடக் கையைப் பார்த்துக் காசு கொடுங்கள்.

வீட்டிலேயே செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பாலியெஸ்டர் ரெசினோடு வரும், அதை இறுக வைக்கும் கேட்டலிஸ்ட்டையும், இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட் ஆக்சிலரேட்டரையும் நேருக்கு நேர் ஒரே கிண்ணத்தில் கலக்கவே கூடாது. தீப்பற்றும், வெடிக்கும். ஒன்றை முதலில் ரெசினில் நன்றாகக் கலந்த பிறகுதான் மற்றது. கேட்டலிஸ்ட் கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம், பாதுகாப்புக் கண்ணாடி மாட்டிக்கொள்ளுங்கள். எப்பாக்ஸியில் சீக்கிரம் காய வேண்டும் என்று ஹார்டனரைக் கூட ஊற்றினால் சீக்கிரம் காயாது, பிசுபிசுப்பாகவே நின்றுவிடும். இழையைத் தேய்க்கும்போது முகமூடியும் வேண்டும்.

அடி விழும்போது

மூன்றாவது குணத்துக்கு வருவோம். கண்ணாடி இழை அறுவதற்கு முன் தன் நீளத்தில் நாலு சதவீதத்துக்கும் மேல் நீண்டு கொடுக்கும். சாதாரணக் கார்பன் இழை ஒன்றரை சதவீதத்திலேயே அறுந்துவிடும். அடியை உள்வாங்குவதில் கண்ணாடிக்கே தாராள மனசு.

1970-இல் ரோல்ஸ் ராய்ஸ் தன் ஆர்பி211 விமான எஞ்சினுக்குக் கார்பன் இழை விசிறி இறக்கைகள் செய்து பார்த்தது. லேசு, விறைப்பு, எல்லாம் சரி. பறவை மோதும் சோதனையில் தோற்றது. டைட்டானியத்துக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. எஞ்சினுக்கு ஆன செலவு மலையாகி, 1971 பிப்ரவரியில் நிறுவனமே திவாலானது. இறக்கை மட்டும் காரணம் இல்லை, ஆனால் அதற்கும் பங்கு உண்டு. இன்றைய விமான எஞ்சின்கள் சிலவற்றில் கார்பன் இறக்கைகள் நன்றாகவே சுழல்கின்றன, முன்விளிம்பில் உலோகக் கவசத்தோடு.

நம் மீனவர்களின் படகைப் பாருங்கள். அலையில் குதிக்கிறது, மணலில் இழுபடுகிறது, பக்கத்துப் படகோடு மோதுகிறது. 2004 சுனாமிக்குப் பிறகு கரையோரம் முழுக்கக் கண்ணாடி இழைப் படகுகள் நிறைந்தன. பிளந்தால் கரையிலேயே தேய்த்து, மேட் ஒட்டி, அடுத்த நாளே இறக்கிவிடலாம். கார்பனில் அடிபட்டால் மேலே கோலம் அப்படியே இருக்க, உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கலாம். கோலம் தெரியாமல் ஒட்டுப்போடுவதும் நடக்காத காரியம்.

எனவே நம் ஊர் வேகத்தடையில் தினமும் உரசப்போகும் முன் லிப்புக்கு (முன் பம்பரின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் விளிம்பு) கார்பன் வேண்டாம் என்பேன். பம்பர் விஷயத்தில் ஒரு படி மேலே போய், கம்பெனி பம்பரையே வைத்துக்கொள்ளச் சொல்வேன். அது பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன், அமுங்கித் திரும்பி வரும். கண்ணாடி இழையோ வெள்ளைக் கீறல் விட்டுப் பிளக்கும். பம்பருக்குப் பின்னால் இருக்கும் இரும்புக் குறுக்குச் சட்டத்தை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் எடுத்துவிடாதீர்கள்.

சின்னச் சின்னதாக, ஆனால் கையைக் கடிக்கும்

கார்பன் மின்சாரம் கடத்தும், கண்ணாடி கடத்தாது. அலுமினியம் ரிவெட்டை நேரடியாகக் கார்பனில் அடித்தால் ஈரம் பட்டதும் அலுமினியம் அரித்துப் பொடியாகும். நடுவில் மெல்லிய கண்ணாடி இழை அடுக்கோ ரப்பர் வாஷரோ போட வேண்டும். இதே காரணத்தால் ரேடியோ, ஜிபிஎஸ் அலைகள் கார்பன் வழியே போகாது. ஆன்டெனா ஸ்பாய்லருக்குள் இருக்கும் காரில் அதைக் கார்பனுக்கு மாற்றினால் வழிகாட்டி வழி தவறும்.

பிறகு நம் வெயில். எப்பாக்ஸி வெயிலில் மஞ்சளாகும், மேலே புறஊதாக் கதிரைத் தடுக்கும் கிளியர் கோட் கட்டாயம். அறைச் சூட்டில் மட்டும் காய்ந்த எப்பாக்ஸி அறுபது, எழுபது டிகிரியிலேயே இளக ஆரம்பிக்கலாம். சித்திரை வெயிலில் நிற்கும் கறுப்பு பானெட், கீழே எஞ்சின் சூடு: அந்த எல்லை ஒன்றும் தொலைவில் இல்லை. வாங்கும் முன் “சூடேற்றிப் பக்குவப்படுத்தினீர்களா?” என்று கேளுங்கள். விற்பவர் முழித்தால் பதில் கிடைத்துவிட்டது.

பின்பக்கத்தைப் புரட்டுங்கள்

நண்பரின் பானெட்டுக்கு வருவோம். மேலே அழகான ட்வில் கோலம், கண்ணாடி போலப் பளபளப்பு. புரட்டிப் போட்டால் கறுப்பு பெயின்ட். ஓரத்தில் ஆணி போட்ட இடத்தைக் கொஞ்சம் சுரண்டினேன். பெயின்டுக்குக் கீழே இளம்பச்சை கலந்த வெண்மையில், தூவிய வைக்கோல் போல, மேட். மேலே ஒரே ஒரு அடுக்கு கார்பன் துணி, கீழே மூன்று, நாலு மி.மீ. ஃபைபர் கிளாஸ். விற்றவர் பொய் சொன்னதாகவும் இல்லை, கார்பன் இருக்கத்தானே செய்கிறது! இந்த வகைக்குச் சந்தையில் ‘கார்பன் ஓவர்லே’ என்று பெயர் உண்டு. பெயரைச் சொல்லி, அதற்கான விலைக்கு விற்றால் குற்றமில்லை.

இதற்கும் கீழே, கார்பன் படம் போட்ட ஸ்டிக்கரும், தண்ணீரில் முக்கிக் கோலம் ஏற்றிய பிளாஸ்டிக்கும் இருக்கின்றன. அவற்றைக் கண்டுபிடிப்பது சுலபம். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் நிஜத் துணியின் நூல்கள் கோணத்துக்குக் கோணம் கறுத்தும் மின்னியும் மாறும், படம் பெரும்பாலும் மாறாமல் கிடக்கும்.

நண்பர் அந்தப் பானெட்டைத் திருப்பி அனுப்பவில்லை. பார்க்க நன்றாக இருக்கிறதாம். பின்பக்கப் பெயின்டைச் சுரண்டியதற்காக என்னிடம்தான் இரண்டு நாள் பேசாமல் இருந்தார்.